எங்களிடம் கொஞ்சம் குறைவாகக் கேளுங்கள்: கேப்காமுக்கு ஒரு திறந்த மடல்

ஒசாகாவில் இருக்கும் கேப்காம் நிறுவனத்தில் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் தொடரைச் செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். உங்களுக்கு வரும் மடல்களில் பாதி "பழையபடி செய்யுங்கள்" என்றும், மீதி "புதிதாக ஏதாவது செய்யுங்கள்" என்றும் இருக்கும். சில மடல்களில் இரண்டு கோரிக்கையும் ஒரே பத்தியில் இருக்கும். இந்த மடல் வேறு ரகம். புதிய பாகம் அறிவித்த முதல் மாதத்தில் நாங்கள் போடும் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்களுக்கே நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்கு உங்கள் தொடரைவிட நல்ல சாட்சி கிடையாது.

2005 ஜனவரியில் நான்காம் பாகம் நின்டெண்டோவின் கேம்க்யூப் கருவியில் வந்தது. இன்று எந்த "சிறந்த ஆட்டங்கள்" பட்டியலை எடுத்தாலும் அது இருக்கும். அன்றைக்கு விமர்சகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே பழைய ஆட்டக்காரர்களில் ஒரு பிரிவு முகம் சுளித்ததை இப்போது யாரும் பேசுவதில்லை. ஜாம்பி இல்லை. மூன்று பாகங்களாக வில்லனாக இருந்த அம்பரெல்லா கம்பெனியின் பங்குகள் சரிந்து கடை மூடப்பட்டதை முன்னுரையிலேயே நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். கதவு மெல்லத் திறக்கும் அந்த இருட்டுக் காட்சியும் போய்விட்டது. அதற்குப் பதில் ஸ்பெயின் நாட்டுப்புறத்தில் ஒரு கிராமம், கோடரியும் கவைக்கோலுமாகத் துரத்தும் கிராமத்து ஆட்கள், மேலங்கியைத் திறந்து காட்டி ஆயுதம் விற்கும் ஒரு வியாபாரி. "நல்ல கேம்தான், ஆனால் இது ரெசிடென்ட் ஈவில் இல்லை" என்பது அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்ட வாக்கியம். எங்கள் பக்கம் பெரும்பாலோர் அதை பிளேஸ்டேஷன் 2-வில் விளையாடினார்கள். எந்தக் கடையில் வாங்கிய டிஸ்க் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முகம் சுளித்தவர்கள் எதை இழந்ததாக நினைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1996-ல் வந்த முதல் பாகத்தில் கேமரா நகராது. அறையின் ஒரு மூலையில் யாரோ ஆணி அடித்து மாட்டியது போல நிற்கும். அந்தக் காலத்து பிளேஸ்டேஷனால் அத்தனை விவரமான ஒரு மாளிகையை முப்பரிமாணத்தில் வரைய முடியாது. அதனால் பின்னணியை முன்கூட்டியே வரைந்த படமாக வைத்து, அதன்மேல் ஆட்களை மட்டும் நடமாடவிட்டீர்கள். வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் பயமே அதிலிருந்துதான் பிறந்தது. தாழ்வாரத் திருப்பத்துக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்கும். கேமரா அங்கே எட்டிப் பார்க்காது. பார்க்க வேண்டுமென்றால் நாம் நடந்து போக வேண்டும். ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் அந்த நீளமான தாழ்வாரத்தை மறந்தவர் யாராவது உண்டா?

அதோடு எல்லாவற்றிலும் பஞ்சம். நாயகன் கிறிஸ்ஸின் பையில் ஆறு பொருள் வைக்கலாம், நாயகி ஜில்லின் பையில் எட்டு. விளையாட்டைச் சேமிக்கக்கூட டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். ஒரு சாவியை எடுப்பதா, மூலிகையை எடுப்பதா என்று அலமாரி முன்னால் நின்று யோசித்த நேரம்தான் அந்த ஆட்டத்தின் பாதி. எதிரிகள் அப்படியொன்றும் வேகமானவர்கள் இல்லை. நம்மிடம் எதுவுமே போதவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் பாகத்தில் இயக்குநர் ஷின்ஜி மிகாமியும் அவர் குழுவும் கேமராவைக் கழற்றி நாயகன் லியோனின் வலது தோளுக்குப் பின்னால் வைத்தார்கள். அதற்கு முன் எத்தனை வடிவங்களைச் செய்து தூக்கிப் போட்டீர்கள் என்பது ஊரறிந்த கதை. அதில் ஒன்று 2001-ல் டெவில் மே க்ரை என்ற தனித் தொடராகவே ஆகிவிட்டது. தோளுக்குப் பின்னால் கேமரா வந்ததும் பார்வைப் பஞ்சம் தீர்ந்தது, தோட்டாவும் தாராளம். ஆனால் துப்பாக்கியைத் தூக்கினால் கால் நின்றுவிடும். நின்றால்தான் சுடலாம், சுடும்போது ஓர் அடிகூட நகர முடியாது. ஒரு பக்கம் ரம்ப மிஷினோடு ஒருவன் வருகிறான், பின்பக்கம் ஏணி சாத்தி ஏறிவருகிறார்கள். நீங்களோ பூமியில் வேர்விட்ட மாதிரி நிற்கிறீர்கள். அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு வரும் அதே மூச்சுமுட்டல். சர்ச் மணி அடித்து அவர்களாகக் கலைந்து போகும்வரை தப்பிக்க வழியில்லை.

பஞ்சத்தை நீங்கள் எடுத்துவிடவில்லை, பையிலிருந்து காலுக்கு மாற்றினீர்கள். இதைத்தான் முகம் சுளித்தவர்கள் அப்போது பார்க்கவில்லை. எல்லோரும் கேமராவைத்தான் பார்த்தார்கள். அடுத்த சில வருஷங்களில் கியர்ஸ் ஆஃப் வார் (2006), டெட் ஸ்பேஸ் (2008) என்று பெரிய ஆட்டங்கள் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தே வந்தபோது முணுமுணுப்பு தானாக அடங்கியது.

அப்புறம் வந்தது நீங்கள் எங்கள் பேச்சைக் கேட்ட காலம்.

2009-ல் ஐந்தாம் பாகம் நன்றாக விற்றது. ஆனால் "இன்னுமா நின்றுகொண்டே சுடுவது?" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். சரி என்று 2012 அக்டோபரில் ஆறாம் பாகத்தில் நடந்துகொண்டே சுட விட்டீர்கள். உருண்டு புரளலாம், படுத்தபடி சுடலாம், எட்டி உதைத்துக்கொண்டே போகலாம். பழையபடி ஜாம்பி கேட்டவர்களுக்கு லியோன் கதை. போர்க்களம் கேட்டவர்களுக்கு கிறிஸ் கதை. மூன்றாம் பாகத்தின் நெமிசிஸ் மாதிரி ஒருவன் துரத்த வேண்டும் என்றவர்களுக்கு ஜேக் கதை. புதிர் பிரியர்களுக்கு ஏடா கதை. கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு இலை போட்டுப் பரிமாறினீர்கள். வந்தவர்களில் யாருக்கும் வயிறு நிறையவில்லை. 70 லட்சம் பிரதிகள் விற்கும் என்று வைத்திருந்த கணிப்பை வெளியான சில வாரங்களிலேயே 60 லட்சமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தில் நல்ல இடங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. லியோன் கதையின் முதல் மணி நேரம் இப்போதும் பிடிக்கும். ஆனால் எதற்கும் பஞ்சமில்லாத ஓர் ஊரில் எதற்குப் பயப்படுவது?

பிறகு 2017 ஜனவரி. இயக்குநர் கோஷி நகானிஷியின் ஏழாம் பாகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொடரில் நடந்த பெரிய வேடிக்கை இதுதான்.

பப்ஜி விளையாடியவர்களுக்கு எஃப்பிபி, டிபிபி என்றால் உடனே புரியும்: முதலாவதில் ஆட்டத்தை நாயகனின் கண்வழியே பார்ப்போம், இரண்டாவதில் அவனை வெளியிலிருந்து பார்ப்போம். இருபது வருஷம் டிபிபியில் இருந்த முதன்மைத் தொடரை ஒரே ராத்திரியில் எஃப்பிபிக்கு மாற்றினீர்கள். 2016 ஜூனில் டெமோவை வெளியிட்டபோது வந்த முதல் கேள்வியே "இது கோனாமியின் பி.டி. காப்பியா?" என்பதுதான். (பி.டி. அதற்கு முன் வந்த ஓர் எஃப்பிபி திகில் டெமோ.) கதாநாயகராக லியோன் இல்லை, கிறிஸ் இல்லை, ஜில் இல்லை. யாருக்கும் தெரியாத ஈதன் விண்டர்ஸ் என்ற ஆள், லூசியானாவில் ஒரு பாழடைந்த வீடு, அதில் ஒரு குடும்பம். பெயர்ப் பலகையை எடுத்துவிட்டால் இது எந்தத் தொடர் என்றே தெரியாது என்றார்கள். (அந்த டெமோவில் கிடைத்த பொம்மை விரல் எதற்கு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கூட்டமும் இதே கூட்டம்தான். திட்டுவதும் தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.)

உள்ளே போனால் என்ன இருந்தது? ஒரே வீடு. சின்னம் பதித்த பூட்டிய கதவுகள். நிறைந்துவிடும் பை. பொருள் வைக்கும் பெட்டி. சேமிக்கிற அறைக்குள் நுழைந்ததும் மாறும் இசை. கடினமான நிலையில் விளையாடினால் சேமிக்க கேசட் டேப் வேண்டும். 1996-ன் மாளிகையை அப்படியே தூக்கி வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் மாற்றியிருந்தீர்கள். அந்தக் கண்ணும் பழைய வேலையையே செய்தது: திருப்பத்துக்கு அப்பால் அந்தக் குடும்பத்துத் தலைவன் ஜாக் பேக்கர் நிற்கிறானா என்று தெரியாது, எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மனைவி மியா ஈதனின் கையைச் சுவரோடு குத்திவைத்து ரம்பத்தைக் கிளப்பும் காட்சியில் அது நம் கை. மூன்றாவது ஆளாகத் தள்ளி நின்று பார்த்திருந்தால் பயம் பாதிக்குப் பாதி போயிருக்கும்.

விற்பனையைப் பாருங்கள். அந்த நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் 40 லட்சம் எதிர்பார்த்தீர்கள், 35 லட்சம் போனது. அன்றைய கணக்கில் அது ஏமாற்றம். பங்குச் சந்தைக்கு அறிக்கை எழுதுபவர் "சூத்திரத்தை மாற்றியது தவறு" என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்டம் விற்றுக்கொண்டே இருந்தது. பின்னாளில் ஒரு கோடியைத் தாண்டி, உங்கள் பெரிய விற்பனைப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆறாம் பாகத்தின் ஏமாற்றத்தையும் ஏழாம் பாகத்தின் ஏமாற்றத்தையும் முதல் மூன்று மாதத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எங்களைக் கேட்டுச் செய்தது, எது உங்களுக்குத் தோன்றியதைச் செய்தது என்று அந்தத் தாள் சொல்லாது.

2019-ல் இரண்டாம் பாக ரீமேக், 2023-ல் நான்காம் பாக ரீமேக். இரண்டிலும் நடந்துகொண்டே சுடலாம். அப்படியானால் ஆறாம் பாகம் செய்ததும் அதுதானே என்று கேட்கலாம். அதே வசதிதான், ஆனால் அதற்கு விலை வைத்தீர்கள். 2019-ல் நின்று நிதானித்தால்தான் குறி கூர்மையாகும். தலையில் நாலு குண்டு வாங்கிய ஜாம்பியும் எழுந்து வருவான். 2023-ல் லியோன் கத்தியால் ரம்பத்தையே தடுக்கலாம், ஆனால் கத்தி தேய்ந்து உடையும்; காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் தளர்த்தினால் இன்னொரு பக்கம் இறுக்கும் இந்தக் கணக்கு உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதையெல்லாம் சொல்ல வந்த காரணம் ஒன்பதாம் பாகமான ரெக்வியம். 2025 ஜூனில் அறிவித்த கையோடு, எஃப்பிபியா டிபிபியா என்பதை ஆட்டக்காரரே எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரே கைதட்டல். எனக்கு அங்கேதான் உறுத்தியது. ஏழாம் பாகத்தின் பயத்தில் பாதியிலேயே விட்டுவிட்டவர்களுக்கு இது ஒரு வாசல், உண்மைதான். ஆனால் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரில் இயக்குநர் எடுக்கும் முதல் முடிவு. அதை மெனுவில் போட்டு எங்கள் கையில் கொடுத்தால் ஒவ்வொரு அறையையும் இரண்டு கண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி கட்ட வேண்டியிருக்கும். எட்டாம் பாகமான வில்லேஜுக்கு 2022-ல் டிபிபி சேர்த்தபோது ஈதனின் முகத்தைக் காட்டாமலிருக்க, கேமராவை எப்படித் திருப்பினாலும் அவன் தலையைத் திருப்பிக்கொள்ளும்படி செய்தீர்களே, அது நல்ல நகைச்சுவை. எஃப்பிபிக்கென்று கட்டிய வீட்டில் இன்னொரு கண்ணை வைத்தால் வரும் சங்கடமும் அதில் தெரிந்தது.

அதனால் என் கோரிக்கைகள் இரண்டு. முதலாவது: அடுத்த பாகத்தில் கேமராவை நீங்களே ஓரிடத்தில் வையுங்கள். எஃப்பிபி, டிபிபி, மூலையில் ஆணி அடித்தது, எதுவானாலும் சரி. நாங்கள் கத்துவோம். கத்தட்டும் என்று விடுங்கள்.

இரண்டாவது, கத்துகிறவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்பதைப் பற்றியது. புதிய பாகம் பிடிக்கவில்லை என்பதைவிட, பழையது இனி வராது என்ற பயம்தான் அதில் அதிகம். 2015-ல் முதல் பாகத்தின் பழைய நிலைக் கேமரா ரீமேக்கை மெருகேற்றி மறுபடி விட்டபோது அது பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. 2024-ல் முதல் மூன்று பாகங்களின் பழைய கணினிப் பதிப்புகளை கோக் (GOG) என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ரீமேக்கைத் திட்டிக்கொண்டிருந்த பலர் அன்று மாலையே வாங்கி விளையாடப் போய்விட்டார்கள். பழையது கையில் இருந்தால் புதியதோடு சண்டை போட ஆள் குறைகிறது. ஆகவே கோட் வெரோனிகா உட்பட எல்லாப் பழைய பாகங்களையும் எந்தக் கருவியிலும் காசு கொடுத்து வாங்கும்படி வையுங்கள். முடிந்தால் உங்களிடம் இருக்கும் இளைஞர்களில் ஒரு சின்னக் குழுவிடம் நிலைக் கேமராவில் ஒரு புதிய கதையைச் செய்யச் சொல்லுங்கள். 2021-ல் வந்த டார்மென்டட் சோல்ஸ் மாதிரி ஆட்டங்கள் சின்னக் கையிருப்பிலேயே அதைச் செய்து காட்டியிருக்கின்றன. முதன்மைத் தொடர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பட்டும். மூலையில் மாட்டிய அந்தக் கேமராவுக்கு வருஷத்துக்கு ஒரு சின்ன ஆட்டம் என்றாலும் போதும், வாங்க ஆள் இருக்கிறோம். இந்த முறை டிஸ்க்கையும் சரியான கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் ஆட்டக்காரர் ஒருவர்