துவைத்துவிடாதீர்கள், அம்மா

ரோம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பணம் வந்திருக்கும். அதைத் தம்பி சாமியாராகும் குருப்பட்டச் செலவுக்கே வைத்துக்கொள்ளுங்கள், கூரையை அப்புறம் பார்க்கலாம். இங்கே குளிர் விட்டுவிட்டது. வேலை அதேதான்: இந்த வீட்டுப் பாட்டியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் சக்கர நாற்காலியில் வெளியே கூட்டிப்போவது. போனில் சொன்னால் பாதி உங்கள் காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று பக்கத்துக் கோயிலில் ஒரு பையனுக்குக் குருப்பட்டம். பாட்டி போயே தீருவேன் என்றார். சக்கர நாற்காலி புண்ணியத்தில் முதல் வரிசை! புனிதர்கள் மன்றாட்டுமாலை முடியும்வரை அந்தப் பையன் தரையில் குப்புறக் கிடந்தான். புதுச் செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. ஆயர் தலையில் கை வைத்தபோது கோயிலில் ஒரு சத்தம் இல்லை. பிறகு திருவுடை. பிறகு உள்ளங்கைகளில் கிறிஸ்மா என்னும் வாசனை எண்ணெய். வாசம் எங்கள்வரை வந்தது. அந்த மினுங்கும் கைகளில் அப்பத் தட்டையும் கிண்ணத்தையும் ஆயர் வைத்தார்.

இரவு விவிலியத்தை எடுத்தேன். லேவியர் நூலை எப்போதும் தாண்டித்தானே போவோம்? 8-ஆம் அதிகாரத்தில் மோசே தன் அண்ணன் ஆரோனையும் அவர் மகன்களையும் குருக்களாக்கக் கழுவி, உடை உடுத்தி, ஆரோன் தலையில் எண்ணெய் ஊற்றுகிறார். அப்பத்தையும் பலியிட்ட கிடாயின் கொழுப்பையும் அவர்கள் கைகளில் வைக்கிறார். எபிரேயத்தில் குருவாக ஏற்படுத்துவதற்கே 'கையை நிரப்புவது' என்றுதான் பேச்சாம், தம்பி இன்று போனில் சொன்னான். நேற்று பார்த்ததும் அதுதானே என்றேன். உடனே திருத்தினான்: கை வைப்பதுதான் உயிர்நாடி, 1947-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டார், அதற்கு முன்மாதிரி மோசே யோசுவாமேல் கை வைத்தது. கையில் எண்ணெய் பூசுவதும் ரோமின் ஆதி வழக்கம் இல்லையாம், 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிராங்கியர் நாட்டில், இன்றைய பிரான்ஸ் பக்கம், தொடங்கியதாம். படிக்கிற பிள்ளை, சும்மா விடுவானா!

ஆரோனின் எண்ணெயில் என்ன போட்டார்கள் தெரியுமா? ஒலிவ எண்ணெயில், செக்கேல் என்ற அந்தக் கால எடைக் கணக்கில், வெள்ளைப்போளம் 500, கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. வசம்பு! பிள்ளைகளுக்கு நீங்கள் உரைத்துக் கொடுப்பீர்களே, அந்தப் பெயரையே பழைய மொழிபெயர்ப்பில் போட்டிருக்கிறார்கள்.

கிடாயின் இரத்தத்தை வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் தொட்டு வைத்தார்களாம். அது நம் சடங்கில் இல்லை. காதுக்காவது ஏதாவது செய்திருக்கலாம். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது அவசரப்படும் சாமியார்களை நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாட்டியின் அண்ணனுக்கு 1958-இல் குருப்பட்டம். அப்போதெல்லாம் எண்ணெய் பூசிய கைகளை வெள்ளைத் துணியால் கட்டுவார்களாம். 1968-இல் சடங்கு மாறியபோது அந்தக் கட்டு போய்விட்டது. அண்ணன் கையிலிருந்து அவிழ்த்த துணி அவர்கள் அம்மாவிடம் வந்தது. அந்த அம்மாவை அடக்கம் செய்தபோது கையில் அதையே சுற்றினார்களாம். பாட்டி தன் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

தம்பிக்குக் கட்ட மாட்டார்கள், துடைக்கத் துணி வேண்டும். கடையில் வாங்காதீர்கள். பீரோவில் அப்பாவின் வேட்டி இருக்கிறதே, அதில் ஒரு முழம் கிழித்து ஓரம் தையுங்கள். எண்ணெய் பட்ட பிறகு துவைத்துவிடாதீர்கள்.

அன்பு மகள்