வேதியியல் மாணவர்களுக்கு எந்தச் சிமுலேட்டர்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. துறைத் தலைவர் பொறுப்பு உன் தலையில் விழுந்ததற்கு வாழ்த்துவதா, அனுதாபப்படுவதா? அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம்.

குவாண்டம் கணினி செய்வதைச் சாதாரணக் கணினியிலேயே செய்துகாட்டும் சிமுலேட்டரை உன் வேதியியல் ஆய்வு மாணவர்கள் கையாள முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். ஆனால் எளிமை என்ற பெயரில் யாராவது வண்ணத் திரையைக் காட்டினால் மயங்கிவிடாதே. 2016-இல் ஐபிஎம் தன் 5 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கணினியை இணையத்தில் திறந்துவிட்டபோதே கேட்டுகளை, அதாவது கியூபிட்டுகள் மீது செய்யும் செயல்களை, இழுத்துப் போடும் திரை வந்துவிட்டது. பழகிப் பார்க்க நல்லதுதான். உங்கள் ஆட்களோ கேட்டுகளைப் பற்றி யோசிப்பதில்லை, மூலக்கூறைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அதனால்தான் எனக்குப் பென்னிலேன் என்ற மென்பொருள் பிடிக்கிறது. பைதானில் அணுக்களையும் அவற்றின் ஆயங்களையும் கொடுத்தால் போதும்; மூலக்கூறின் ஆற்றலை விவரிக்கும் ஹாமில்டோனியனோடு எத்தனை கியூபிட் தேவை என்பதையும் சொல்லிவிடும்.

அந்த எண்ணில்தான் எல்லாச் சிக்கலும். எலக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பான எஸ்டிஓ-3ஜி என்ற சிறிய அடிப்படைத் தொகுதியிலேயே ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 4 கியூபிட், தண்ணீருக்கு 14, பென்சீனுக்கு 72. ஒவ்வொரு கியூபிட் கூடும்போதும் நினைவகம் இரட்டிக்கும். 30 கியூபிட்டுக்கே 16 ஜிபி வேண்டும். உண்மையான கருவியில் வரும் பிழைகளான இரைச்சலையும் சேர்த்து, அடர்த்தி அணி என்ற பெரிய எண் அட்டவணையாகக் கணக்கிட்டால் அதே 16 ஜிபியில் 15 கியூபிட்தான் அடங்கும். தண்ணீர் சாதாரண மடிக்கணினியில் ஓடிவிடும். பென்சீனை முழுதாக வைக்க எந்தச் சூப்பர் கணினியிலும் இடமில்லை. முக்கியமான ஆர்பிட்டல்களை (எலக்ட்ரான்கள் இருக்கும் நிலைகளை) மட்டும் வைத்துக்கொண்டு சுருக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது உன் மாணவர்களுக்குத்தான் தெரியும், நிரல் எழுதியவருக்குத் தெரியாது.

ஓடத் தொடங்குவதற்கு முன்பே "இதற்கு இவ்வளவு நினைவகம் ஆகும்" என்று எச்சரிக்காத மென்பொருளை எளிமையானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நள்ளிரவில் கணினி உறைந்து நின்றால் மாணவன் மென்பொருளைக் குறை சொல்வதில்லை, தனக்கு அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

ஐபிஎம்மின் மென்பொருளான கிஸ்கிட்டைத் தேர்ந்தெடுத்தால் பழைய பாடங்களை நம்ப வேண்டாம். 2024-இல் 1.0 பதிப்பு வந்தபோது பல கட்டளைகளை எடுத்துவிட்டார்கள். கியூபிட்டுகளை அது வலமிருந்து இடமாக எழுதும் என்பதையும் சொல்லிவை. கூகுளின் மென்பொருளான சர்க் நேர்மாறு.

முதலில் தண்ணீரைச் செய்துபார்க்கட்டும். கிடைக்கும் ஆற்றலை உங்கள் வழக்கமான முறையின் விடையோடு ஒப்பிட்டு எனக்கு அனுப்பச் சொல். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அப்போது உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ரவி