பெயர்ப்பட்டையைக் கழற்றச் சொன்ன சங்கத்துக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதச் சுற்றறிக்கையின் 7-ஆம் பத்தியை நான் விளக்க வேண்டியதில்லை, எழுதியவர்கள் நீங்கள். ‘மதப் பிரசார அடையாள அட்டை’ அணிந்தவர்கள் வளாகத்துக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பின்வாசல் வழியாக வர வேண்டும். பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், நாகரிகம்தான். ஆனால் 140 வீடுகளில் அப்படி அட்டை அணிபவர்கள் இரண்டே பேர். இருவரும் மூன்றாம் தளத்தில் இருக்கும் என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் வயதான அமெரிக்கத் தம்பதி, மார்மன் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ சபையின் மிஷனரிகள். அட்டை என்பது அவர்கள் சட்டையில் அணியும் பெயர்ப்பட்டை. அந்தப் பத்தியை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். செயலாளரிடம் நேரில் இரண்டு முறை கேட்டேன். ‘பார்க்கலாம் சார்’ என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மாதம் முதல் ஞாயிறன்று வாசலில் நடந்தது உங்கள் காதுக்கு வந்ததா தெரியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் சபையில் உபவாச நாள். இரண்டு வேளை சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். கணவருக்கு வயது 72, முழங்காலில் மாற்று அறுவை செய்தவர். அம்மையாருக்கு 69. வாட்ச்மேன் கையைப் பிசைந்துகொண்டு சுற்றறிக்கையைக் காட்டினார். பின்வாசல் என்றால் குப்பைத் தொட்டிகளையும் ஜெனரேட்டர் அறையையும் தாண்டி 11 படி ஏறினால்தான் லிஃப்ட். கணவரின் காலைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா தன் பட்டையைக் கழற்றினார்.

அந்தப் பட்டைக்கு ஊசி கிடையாது. துணிக்கு உள்பக்கம் ஒரு சிறு காந்தம், வெளியே கறுப்புப் பட்டை. கழற்றியதும் காந்தம் நழுவி மழைநீர்க் கால்வாயின் இரும்புச் சல்லடை இடுக்கில் விழுந்தது. விழுந்து தொலைந்திருந்தாலாவது பரவாயில்லை; சல்லடைக் கம்பியின் அடிப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. வாட்ச்மேன் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி நெம்பிப் பார்த்தார், ஈர்க்கு ஒடிந்தது. பெரியவரால் குனிய முடியாது. பக்கத்தில் நின்று குடை பிடித்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, அந்த அம்மா வாட்ச்மேனைப் பார்த்துத் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: ‘பரவாயில்லை, பரவாயில்லை.’

இப்போது என் மனைவி கொடுத்த ஊக்கில்தான் அந்தப் பட்டை தொங்குகிறது. உங்கள் சுற்றறிக்கை சாதித்தது இவ்வளவுதான்.

யார் இவர்கள் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் வடக்கே பால்பண்ணை வைத்திருந்தவர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, பண்ணையையும் ஒப்படைத்துவிட்டு, 18 மாதச் சேவைக்கு வந்திருக்கிறார்கள். ப்ரோவோ நகரில் ஒரு வாரப் பயிற்சி, பிறகு விமானம். சம்பளம் கிடையாது, வாடகையும் சாப்பாடும் அவர்கள் சொந்தச் சேமிப்பு. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5 என்று எனக்குச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். நான் நாற்பது வருடமாக வாங்கிக் குடிப்பவன். நிறத்தைத் தவிர வேறொன்றும் கவனித்ததில்லை.

காலை ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவார்கள். கோடையில் அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை. ஏழாவது பேத்தி பிறந்ததைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்கள். பிறகு பெரியவர் கணக்கெழுத உட்காருவார். மதப் பாடம் சொல்லிக்கொடுப்பது சபையின் இருபது வயது மிஷனரிப் பிள்ளைகளின் வேலை. அந்தப் பிள்ளைகள் தங்கும் வீடுகளுக்கு வாடகை போயிற்றா, கேஸ் குழாய் சரியாக இருக்கிறதா, குளியலறையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை. வீடு சுத்தமாக இருந்தால் அந்த அம்மா வாழைப்பழக் கேக் செய்து எடுத்துப்போவார். ஞாயிறன்று சபையில் கீபோர்டு வாசிப்பார், நான்கு சிறுமிகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். சபையின் சேவைப் பிரிவான பெங்களூரு மிஷன் 1993-இல் தொடங்கியது. அங்கே ஆலயம் கட்டப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள். ஒளிந்து மறைந்து செய்யும் காரியமாக எனக்குத் தெரியவில்லை.

என்னை மதம் மாற்றப் பார்த்தார்களா? பதினோரு மாதத்தில் ஒரு முறையும் இல்லை. மாற்றப் பார்த்தது என் மனைவிதான். காப்பி, டீ இரண்டும் அவர்களுக்கு விலக்கு, 1833-இலிருந்து அப்படியாம். இப்படியும் மனிதர்கள் உண்டா என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பெயரைக் கேட்டதும் பெரியவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சுக்கு, மல்லி, கருப்பட்டி, இதில் காப்பிக்கொட்டையே கிடையாது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகே குடித்தார். இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார்.

அவருக்கு ஊரில் இன்னும் எத்தனை மனைவிகள் என்று லிஃப்டில் என்னைக் கேட்ட உறுப்பினருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வழக்கத்தை அவர்கள் சபை 1890-இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. நம் செய்தி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.

சட்டம் என்றால், கருவூலத்தில் 32 ஆண்டு சுற்றறிக்கை எழுதிப் பென்ஷன் வாங்குபவன் நான். விசா நகலும், வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் தர வேண்டிய படிவத்தின் நகலும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. இந்திய அரசே மிஷனரி விசா என்று ஒரு வகை வைத்திருக்கிறது. கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக 2002-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது, 2004-இல் கொண்டுவந்த அரசே திரும்பப் பெற்றது. அந்தச் சட்டம்கூட எவர் சட்டையிலும் பெயர்ப்பட்டை இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அரசுக்குத் தோன்றாதது நம் செயற்குழுவுக்குத் தோன்றியிருக்கிறது.

மதச் சின்னம் வேண்டாம் என்றால், கார்த்திகையில் துளசி மாலையோடு முன்வாசலில் வருபவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்? என் நெற்றித் திருநீறு? டாக்டர் அம்மாவின் சிலுவைச் சங்கிலி? மார்கழியில் அதிகாலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கி வைத்துச் சங்க மண்டபத்தில் திருப்பாவை பாடுகிறோமே, நானும்தான் பாடுகிறேன், சுமாராக. நேர் மேலே குடியிருக்கும் இவர்கள் ஒரு நாளாவது புகார் சொன்னார்களா?

ஒன்பது நாள் லிஃப்ட் ஓடாத மே மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வரவில்லை. லாரித் தண்ணீர்க் கணக்கு இரண்டு பொதுக்குழுவாக ‘தயாராகிக்கொண்டிருக்கிறது’. வெள்ளையடிக்க வசூலித்த பணத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் திடீரென்று ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் 69 வயதுப் பெண்மணியின் மார்பில் இருக்கும் இரண்டங்குலப் பட்டைக்குத் தனிப் பத்தி, அடிக்கோட்டோடு!

மன்னிக்க வேண்டும், கோபம் வழி தவறிவிட்டது. அந்தக் கணக்குகளைப் பொதுக்குழுவில் கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ச்மேன் மேல் எனக்கு வருத்தமில்லை; அவர் வேலையை அவர் பார்த்தார். அவரை அந்த நிலையில் நிறுத்தியது அந்தப் பத்தி. பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: 7-ஆம் பத்தியை நீக்கி, நீக்கிவிட்டோம் என்ற செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விளக்கமோ வருத்தமோ எழுத வேண்டாம், ஒரு வரி போதும். வரும் ஞாயிறு இரண்டு மணிக்கு அவர்கள் ஆட்டோ வரும்போது நானும் வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தள வீட்டு உரிமையாளர்

பின்குறிப்பு: காந்தம் இன்னும் அந்தச் சல்லடையின் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சல்லடை துருப்பிடித்து இறுகிவிட்டதால் கடப்பாரை வேண்டும். பிளம்பரை அனுப்பினால் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன்.