நனைந்த நூல்களைக் காத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

கூரை ஒழுகி எங்கள் தமிழ் நூல் அடுக்குகள் நனைந்தபோது ஓடிவந்த ஜார்ஜ் டவுன் அன்பர்கள் அனைவருக்கும் நூலகத் தொண்டர்களின் நன்றி.

ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பினாங்குப் புழுக்கத்தில் அதற்கும் முன்பே பிடிக்கலாம். எல்லா நூல்களையும் ஒரே சமயத்தில் உலர்த்த ஆளும் இடமும் இல்லாதபோது, தம் உறைபெட்டியில் இடம் ஒழித்துத் தந்த பசார் மீன்கடை அண்ணனுக்கு முதல் நன்றி. உறைந்த நூலில் பூஞ்சை வளராது. அதற்காக அது உலர்ந்துவிடாது. அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். மீன் வாடை ஏறாதா என்று பலர் கேட்டார்கள். ஒவ்வொரு நூலையும் தனித்தனியே இரட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டியதால் ஏறவில்லை. தனித்தனியே கட்டாவிட்டால் நூல்கள் ஒன்றோடொன்று உறைந்துவிடும்.

பள்ளி மலர்களையும் கோயில் குடமுழுக்கு மலர்களையும் முதலில் எடுக்கச் சொன்ன ஓய்வுபெற்ற அச்சகப் பெரியவருக்குத் தனி நன்றி. படங்கள் அச்சிடும் பளபளப்புத் தாள் நனைந்து, மூடியபடியே உலர்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டையாகிவிடும்; பிறகு பிரிக்க வழியில்லை. நாவல்கள் உறைபெட்டியில் காத்திருக்கலாம். வேறிடத்திலும் அவை கிடைக்கக்கூடும். மலேசியாவில் அச்சாகும் நூல்களில் 5 படிகளைத் தேசிய நூலகத்துக்குத் தரவேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அச்சகத்திலிருந்து நேரே விழா மண்டபத்துக்குப் போன மலர்கள் அங்கே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மூடப்பட்ட தோட்டப் பள்ளியில் யார் படித்தார், யார் கற்பித்தார் என்பதற்குப் பல வேளைகளில் மலர் ஒன்றே சான்று.

உலர்த்தும் வேலையை எடுத்துக்கொண்ட மாணவர்கள் பொறுமைசாலிகள். ஏறத்தாழ 20 பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத உறிஞ்சுதாள் செருகி, அது ஈரமாகும்போதெல்லாம் மாற்றினார்கள். நாளிதழ் வைத்தால் மை ஒட்டும். தாளை அளவுக்கு மேல் திணித்தால் முதுகு பிதுங்கித் தையல் விடும். மின்விசிறி அறைக் காற்றைக் கலக்கினால் போதும், நூலின்மேல் நேராக வீசக்கூடாது. வெயிலில் பரப்பலாமே என்றவர்களுக்கு அவர்களே பதில் சொன்னார்கள்: அட்டை வளையும், தாள் பழுக்கும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பிகளைக் கழற்றி, மடிப்பில் மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தைத்துத் தந்த தையற்கடை அக்காமாருக்கும் நன்றி. கட்டுக்கட்டாகச் செலோடேப் கொண்டுவந்த அன்பர் கோபிக்க வேண்டாம். அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கும். நாடா உதிர்ந்த பிறகும் கறை போகாது. அதை அட்டைப்பெட்டி ஒட்டப் பயன்படுத்திக்கொண்டோம்.

ஈரப்பதம் நீக்கும் கருவி தந்த குடும்பத்துக்கும் கடமைப்பட்டுள்ளோம். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். அலமாரிகளும் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கின்றன.

உறைபெட்டியில் இன்னும் நாவல்கள் இருக்கின்றன. உலர்த்தும் இடம் காலியாகும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். உதவ வருபவர்கள் வாசனை சேர்க்காத வெள்ளைச் சமையலறைத் தாள் கொண்டுவந்தால் போதும். பூஞ்சை பிடித்த நூல்களைத் துலக்க வருபவர்கள் என்95 முகக்கவசத்தோடு வாருங்கள். உலர்ந்த பின் வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால்தான் தட்டுகிறோம், ஈரத்துணி வேண்டாம்.

அன்புடன்,
நூலகத் தொண்டர்கள்
ஜார்ஜ் டவுன், பினாங்கு