விசில் ஊதியதும் நடுவரின் கையைக் காட்டுங்கள்

ரக்பி போட்டிகளை ஒளிபரப்பும் குழுவினருக்கு,

வணக்கம். விசில் ஒலித்த மறுநொடியே நீங்கள் ரீப்ளேவுக்குத் தாவிவிடுகிறீர்கள். யார்மேல் யார் விழுந்தார் என்பதைப் பல கோணங்களில் பார்க்கிறோம். பிழை செய்த அணிக்கு எதிராக நடுவர் கொடுத்தது பெனால்டியா, ஃப்ரீ கிக்கா என்பது மட்டும் தெரிவதில்லை. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் பிடியை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நடுவர் கையை நேராக நீட்டிச் சாய்வாக உயர்த்தினால் பெனால்டி. முழங்கையை மடக்கி உயர்த்தினால் ஃப்ரீ கிக். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. ஆஃப்சைடு (பந்துக்கு முன்னால் நின்று ஆட்டத்தில் தலையிடுவது), தோளுக்கு மேல் பிடிப்பது, பிடிபட்டு விழுந்தபின் பந்தை விடாமல் கிடப்பது ஆகியவற்றுக்குப் பெனால்டி. கோலுக்கு உதைத்து 3 புள்ளிகள் எடுக்கலாம். பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தால், அடுத்த லைன் அவுட்டில் (பக்கக் கோட்டிலிருந்து இரு அணி வரிசைகளுக்கு நடுவே பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது) பந்தை எறிவதும் அதே அணிதான். ஸ்க்ரம்மும் (இரு அணி முன்வரிசையினரும் தோள்கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கேட்கலாம். கைக்கெட்டும் 3 புள்ளிகள் போதுமா, மூலைக்கு உதைத்து 5 புள்ளி தரும் ட்ரைக்கு (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போவதா என்று கேப்டன் யோசிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் ரக்பி பார்க்கிறேன். அவர் முகத்தை எங்களுக்குக் காட்டாமல் விடுகிறீர்களே!

ஸ்க்ரம்மில் முந்திக்கொண்டு மோதுவது, லைன் அவுட்டில் இழுத்தடிப்பது போன்ற சிறு பிழைகளுக்கு ஃப்ரீ கிக். இதில் நேரடியாகக் கோல் அடிக்க முடியாது. வெளியே உதைத்தால் எறியும் உரிமை எதிரணிக்குப் போய்விடும். 2024 முதல் ஸ்க்ரம்மும் கேட்க முடியாது. மிக நல்ல மாற்றம் அது. இப்போது வேகம்தான் ஆயுதம். ஸ்க்ரம்மில் பந்தை இட்டு எடுத்துத் தரும் ஆட்டக்காரரான ஸ்க்ரம் ஹாஃப் பந்தைக் காலால் லேசாகத் தட்டிக் கையில் அள்ளிக்கொண்டு பாய்கிறார். எதிரணியினர் 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். பின்வாங்காமல் நிற்பவர் அவரைத் தடுக்கக் கூடாது. நீங்கள் ரீப்ளே முடித்துத் திரும்பும்போது அவர் பாதி மைதானத்தைக் கடந்திருக்கிறார்.

ரீப்ளே வேண்டாம் என்று கேட்கவில்லை. பெனால்டியில் கோலுக்கு உதைக்கப்போவதாகச் சொன்னபின் உதைப்பவருக்கு 60 நொடிகள் இருக்கின்றன. அப்போது எத்தனை கோணம் வேண்டுமானாலும் காட்டுங்கள். விசில் ஒலித்ததும் கேமரா நடுவர்மேல் நிற்கட்டும். அவருடைய மைக்கையும் திறந்துவையுங்கள். வர்ணனையாளர்கள் அந்த நேரத்தில் பேசாமல் இருந்தாலே போதும்.

அன்புடன்,
ஒரு ரக்பி ரசிகர்