எலும்புக்குச் சோயா மாத்திரை போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவர வேதிப்பொருள்கள் எலும்புக்குச் செய்யும் நன்மை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காய்கறி, பழம், பயறு வகைகளைக் கூடுதலாகச் சாப்பிடச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சோயாச் சத்து மாத்திரை எலும்புத் தேய்மானத்தை நிறுத்திவிடும், வேறு மருந்து தேவைப்படாது என்று கட்டுரை முடிந்தபோது பதறிவிட்டேன். நான் எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவர்களை முதன்முதலில் எழுப்பி நிற்க வைப்பது என் வேலை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை விட்டுவிட்டு, 'இயற்கையானது' என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய மாத்திரைகளை நம்பியிருந்தவர்களையும் அங்கே பார்க்கிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. நம் எலும்பை ஒரு வகைச் செல்கள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அரிப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. மாதவிடாய் நின்றபின் அது குறைந்துவிடுவதால் அரிப்பு முந்திக்கொள்கிறது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டைட்சீன் போன்ற ஐசோஃபிளேவோன்கள் உருவத்தில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தவை; செல்களில் அது பொருந்தும் ஏற்பிகளில் இவையும், வலுக் குறைவாகவே என்றாலும், பொருந்துகின்றன. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுத்த, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் கூடுவது தெரிந்து, அந்தப் பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. அதன்பின் பெண்கள் மாற்று வழி தேடியது இயல்பே.

ஆனால் தேடியவர்களுக்குக் கிடைத்த விடை உங்கள் கட்டுரை சொன்னதுபோல் அத்தனை தெளிவானதாக இல்லை. கட்டுரை எடுத்துக்காட்டிய இத்தாலிய ஆய்வு 2007இல் வெளியானது. தினமும் 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இரண்டு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி கூடியது உண்மை. அடுத்து 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைக் கட்டுரை தொடவே இல்லை. மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட 248 பெண்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் கொடுத்தார்கள். மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டு முடிவில் எலும்பு இழப்பில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் வாசகர் எப்படி முடிவெடுப்பார்?

இப்ரிஃபிளேவோன் என்ற பொருளையும் கட்டுரை பாராட்டியிருக்கிறது. ஐசோஃபிளேவோனைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது அது. 2001இல் வெளியான மூன்று ஆண்டு ஆய்வில் 474 பெண்கள் பங்கேற்றனர். எலும்பு இழப்பை அது தடுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அதை உட்கொண்டவர்களில் 29 பேருக்கு நோய் எதிர்ப்புக்கு வேண்டிய லிம்போசைட் அணுக்கள் குறைந்துபோயின. பக்கவிளைவே இல்லை என்று அச்சிடுவதற்கு முன் இதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டாமா?

எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் நன்றாக வேலை செய்யும் தாவரப் பொருள் மனிதரிடம் ஏன் தடுமாறுகிறது? கட்டுரையாளர் இந்தக் கேள்வியில்தான் நின்றிருக்க வேண்டும். ஆய்வகத் தட்டில் செல்களின் மீது ஊற்றப்படும் அளவு, சாப்பிட்ட மனிதரின் இரத்தத்தில் பெரும்பாலும் எட்டப்படுவதே இல்லை. குடல் கொஞ்சத்தையே உறிஞ்சுகிறது. குடற்சுவரும் கல்லீரலும் அதன் வடிவத்தை மாற்றி வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன. டைட்சீனை ஈக்குவால் என்ற வீரியம் மிகுந்த பொருளாக மாற்றுபவை குடல் பாக்டீரியாக்கள்; அவை எல்லோருடைய குடலிலும் இருப்பதில்லை. ஆகவே ஒரே மாத்திரை இருவருக்குள் இரு வேறு பொருளாகிறது. வெங்காயம் எலிகளின் எலும்பு அரிப்பைக் குறைத்ததாக 1999இல் வந்த ஆய்வு உண்மையிலேயே வியப்பானது. என்றாலும் அதில் தினமும் கொடுத்த ஒரு கிராம் உலர்ந்த வெங்காயம் ஓர் எலியின் உடல் எடைக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மறுக்க நான் வரவில்லை. 2022இல் வந்த அமெரிக்க ஆய்வில், தினமும் 50 கிராம் உலர்ந்த பிளம் பழம் சாப்பிட்டவர்கள் ஓராண்டில் இடுப்பெலும்பின் அடர்த்தியைக் காத்துக்கொண்டார்கள், சாப்பிடாதவர்கள் இழந்தார்கள். 100 கிராம் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில் பலர் இடையிலேயே விலகிவிட்டனர். பிரித்தெடுத்த ஒரு பொருளாக இல்லாமல் முழுப் பழமாகச் சாப்பிட்டுக் கிடைத்த பலன் இது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இதுவும் அடர்த்தியை அளந்த ஆய்வுதான். முறிவு குறைந்ததா என்பது வேறு கேள்வி. என் பிரிவுக்கு வருபவர்களுக்கு அதுதான் கேள்வி.

தாவரப் பொருள் என்றாலே எலும்புக்கு நல்லது என்பதும் சரியல்ல. பசலைக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தும், அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்வதால் ஏறத்தாழ 5 சதவீதமே உடலில் சேர்கிறது; பாலில் இது கால் பங்குக்கு மேல். இங்கிலாந்தில் ஏறத்தாழ 55,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி உண்பவர்களைவிட, விலங்கு உணவை முற்றிலும் தவிர்த்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தாவர உணவைக் கைவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதை மட்டும் உண்பவர்கள் கால்சியம், புரதம், வைட்டமின் டி போதிய அளவு கிடைக்கிறதா என்று கவனித்தே ஆக வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2011 ஆய்வின் முடிவையும் இப்ரிஃபிளேவோனால் நேர்ந்ததையும் அதில் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையின் உறிஞ்சலைச் சோயா குறைக்கக்கூடும்; இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரையின் அளவைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை கெடும். இவற்றையும் சேர்த்து, எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது என்பதை, அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்