கண்ணா, குட்டியோட கார்ல கிளம்பறதுக்கு முன்னாடி படிச்சுடு

கண்ணா,

காலைல 5 மணிக்கு கிளம்பினா மத்தியானம் போய் சேந்துடலாம்னு போன்ல சொன்னியே, அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், பக்கத்துல எல்லாரும் இருந்தாங்க, விட்டுட்டேன். மேப் காட்டற நேரம் பெரியவங்களுக்குடா. ஒன்றரை வயசு குழந்தை பின்னாடி இருந்தா எத்தன மணிக்கு போய் சேருவோம்ங்கற கணக்கையே விட்டுடு, யாருக்கும் நேரம் சொல்லாத, சொல்லிட்டா அதுக்காக ஓட்டுவ.

நான் முக்கியமா சொல்ல வந்தது ஒன்னுதான். குட்டி அழுதா வண்டிய நிறுத்து, வண்டி ஓடிட்டு இருக்கும்போது அதுக்குன்னு தனியா மாட்டியிருக்கற குழந்தை கார் சீட்லேர்ந்து எடுத்து மடில வெச்சுக்காதீங்க. அது அழற அழுகைல மருமகளுக்கு மனசு கேக்காது, 'ரெண்டு நிமிஷம்தானே'ன்னு பெல்ட்ட கழட்டிடுவா, உங்கப்பா வேற 'நாங்கல்லாம் மடில வெச்சுதான் வளத்தோம்'னு ஆரம்பிப்பார், காதுல வாங்காத. 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதினா அது சுமார் 10 மீட்டர் உயரத்துலேர்ந்து கீழ விழற மாதிரி, அதாவது மூணாவது மாடி. அந்த வேகத்துல எந்த கை பிடிச்சு வெச்சுக்கும் சொல்லு, அம்மா கையா இருந்தாலும் முடியாது.

சீட்ட பின்பக்கம் பாத்த மாதிரியே வெச்சுக்கோ, எவ்ளோ எடை, உயரம் வரைக்கும் அப்படி வெக்கலாம்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதுவரைக்கும் திருப்பாத. கால் மடங்கி இருக்கேனு பாவப்பட வேணாம், அதுங்களுக்கு அது ஒன்னும் பண்ணாது. இந்த வயசுல உடம்புக்கு தலை பெருசு, கழுத்து கெட்டியாகல, முன்பக்கம் மோதினா சீட்டோட முதுகே தலை, கழுத்து எல்லாத்தையும் சேத்து தாங்கிக்கும். அப்பறம் ஏர்பேக் இருக்கற முன் சீட்ல இந்த மாதிரி வெக்கவே கூடாது. பெல்ட் போட்டதும் தோள்பட்டைகிட்ட ரெண்டு விரலால கிள்ளி பாரு, பட்டை மடிப்பா விரல்ல மாட்டுச்சுன்னா லூசு, இன்னும் இழு. தடிமனான ஸ்வெட்டர் ஜாக்கெட் எல்லாம் உள்ள போட்டுட்டு பெல்ட் போட்டா டைட்டா இருக்கற மாதிரி ஏமாத்தும், அதனால கழட்டிட்டு போட்டு மேல போர்வைய போத்திவிடு.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி இறக்கி விடு, தூங்கிட்டா இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கலாம்னு ஆச வரும், ரொம்ப இழுக்காத. இறக்கிவிட்டதும் நீங்க ரெண்டு பேரும் போன பாத்துட்டு நிக்காம அத ஓட விடுங்க, வேர்க்க வேர்க்க ஓடினாத்தான் மறுபடி உக்காரும். அது தூங்கற நேரத்த பாத்து கிளம்பறது நல்ல ஐடியாதான், ஆனா அதுக்காக நீ ராத்திரி பூரா முழிச்சு ஓட்டறேன்னா வேணாம், உனக்கு கண்ணு சொக்கும்.

பொம்மை எடுத்துட்டு போ, துணி பொம்மையா, லேசா. தூக்கி போடும், நீங்க குனிஞ்சு எடுத்து குடுக்கணும், மறுபடி தூக்கி போடும், அதுக்கு அதான் விளையாட்டே. ஓட்டறவன் மட்டும் குனியாத. மொபைல கைல குடுத்துட்டா அமைதியா இருக்கும்தான், நான் ஒரேயடியா வேணாம்னு சொல்லல, ஆனா வண்டி ஆடறது காதுக்குள்ள தெரியும், கண்ணு மட்டும் ஒரே எடத்த பாத்துட்டு இருக்கும், வயித்த பெரட்டறது அதனாலதான். ரெண்டு வயசுக்குள்ள இது கம்மி, போகப்போகத்தான் ஜாஸ்தியாகும். இருந்தாலும் மாத்து துணி குட்டிக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் ஒரு செட் டிக்கில அடில போடாம கைக்கு எட்டற மாதிரி வை, வாந்தி யார் மேல விழும்னு சொல்ல முடியாது.

ஓடற வண்டில கடிச்சு திங்கற எதையும் குடுக்காதீங்க, பின்பக்கம் பாத்து இருக்கறதுனால தொண்டைல சிக்கினா முன்னாடி இருக்கறவங்களுக்கு தெரியாது. நிறுத்தும்போது குடுங்க. வெயில்ல வண்டி நின்னா 10 நிமிஷத்துல உள்ள 10 டிகிரிக்கு மேல கூட ஏறிடும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி வெச்சாலும் பெருசா உபயோகம் இல்ல, தூங்குதேன்னு தனியா விட்டுட்டு யாரும் இறங்காதீங்க. சைல்ட் லாக் போட்டிருக்கானு கிளம்பறப்பவே பாத்துடு.

கிளம்பறப்ப ஒரு போன் பண்ணு போதும், நடுவுல எங்க இருக்கீங்கனு நான் கேக்க மாட்டேன். உங்கப்பா கேப்பார், ஓட்டும்போது எடுக்காத, நான் பாத்துக்கறேன்.

அம்மா